கண்ணை மூடிய முள்ளம்பன்றி

இந்தக் கதையை எனக்குச் சொன்னவன் ரெஜான் டீபோ. அவன் சொன்னதை நான் சரியாக நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்குச் சந்தேகம். நடந்ததை அவன் சரியாக நினைவில் வைத்திருந்தானா என்பதில் அதைவிடப் பெரிய சந்தேகம். முதல் தடவை சொன்னபோது அன்றைய குளிர் பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு. நாலாவது தடவை முப்பத்தி ஒன்று. ஆனால் எல்லாத் தடவையும் அது மார்ச் மாதத்து மதியம் இரண்டு மணி. எல்லாத் தடவையும் ஐலி ரௌட்டியோ பேசாமல்தான் கார் ஓட்டினாள்.

ஐலியின் மௌனத்தை ரெஜான் சிக்னல் கணக்கில் அளப்பான். ஆஷ்வெல் ஊரில் மொத்தமே நாலு சிக்னல். நாலையும் தாண்டியாயிற்று.

"ஐலி, ஏதாவது சொல்லுங்க. பனி உருகிடுச்சுன்னாவது சொல்லுங்க."

"உருகலை."

"நன்றி. ஒரு வாரத்துக்கு இது போதும்."

ஐலிக்கு ஐம்பத்திரண்டு வயது. இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த வீடுகளை இருபது வருஷம் முகர்ந்து பார்த்துவிட்டு, பேக்கரிக்கு மேலே ஓர் அறை எடுத்துத் துப்பறிய உட்கார்ந்தவள். அவளிடம் ஒரே ஒரு குறை என்பான் ரெஜான். ஊரே ஹாக்கி பைத்தியமாக அலையும்போது அவள் வியாழக்கிழமைதோறும் கர்லிங் ஆடப் போவாள். பனித்தரையில் ஒரு கல்லை நகர்த்திவிட்டு அதன் முன்னால் துடைப்பத்தால் பெருக்கிக்கொண்டே ஓடும் விளையாட்டு. "எங்க அம்மாவும் தினம் அதைத்தான் ஆடுனாங்க, யாரும் கோப்பை கொடுக்கலை" என்பது அவன் வழக்கமான வசனம். அவனோ ஐஸ் ஹாக்கியில் பதினொரு வருஷம் எல்லைக்கோட்டு நடுவராக இருந்தவன். முன்பற்கள் இரண்டையும் அந்தத் தொழிலுக்கே கொடுத்துவிட்டு, முழங்கால் போனபிறகு ஐலியிடம் வந்து சேர்ந்தவன்.

அன்று ஒரு மணிக்கு போன் வந்திருந்தது. பேசியது டோரீன் பெல்கி. ஆஷ்வெல் முள்ளம்பன்றிகள் என்ற தொழில்முறை ஹாக்கி அணியில் மட்டை, ஸ்கேட், ஜெர்சி, நூல், ஊசி எல்லாம் இருபத்திரண்டு வருஷமாக அவள் பொறுப்பு. அவள் அழவில்லை. அதுதான் ரெஜானைக் கவலைப்படுத்தியது.

"முதல் ஜெர்சி காணோம், ஐலி. முன்கூடத்துக் கண்ணாடிப் பெட்டியில இருந்த அந்தக் கம்பளி ஜெர்சி. நான்தான் எடுத்தேங்கறாரு புது முதலாளி. ஏழு மணிக்கு மேட்ச். அதுக்குள்ள கொண்டு வந்து வைக்கலைன்னா போலீஸ்கிட்ட என் பேரை எழுதிக் கொடுக்கறாராம். வேலை போனா போகட்டும். இந்த ஊர்ல திருடின்னு பேரெடுத்துட்டு நான் எந்தக் கடையில போய் ரொட்டி வாங்குவேன்?"

*

உடை மாற்றும் அறையின் வாசலிலேயே டோரீன் நின்றிருந்தாள். குட்டையான, அகலமான பெண். கழுத்தில் ஊசி குத்திய பட்டை.

"பூட்ஸ்!" என்றாள்.

"உன்னைக் காப்பாத்த வந்திருக்கோம், டோரீன்" என்றான் ரெஜான்.

"காப்பாத்து. பூட்ஸைக் கழட்டிட்டுக் காப்பாத்து. பனி உருகறதுக்காக வெளியில ரோட்டுல கொட்டற உப்பெல்லாம் உங்க காலோட வரும். என் தரை வெளுத்துப் போகும்."

கழற்றினார்கள். ரெஜானின் இடது காலுறையில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. டோரீன் அதைக் கவனித்துவிட்டு ஊசியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அறையின் தரை கறுப்பு ரப்பர். சுவரோரம் பெஞ்சுகள். ஆட்டக்காரர்கள் பாதிப் பேர் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார்கள். கோப்பைப் போட்டி முடியும்வரை சவரம் செய்வதில்லை என்ற வழக்கத்தால் எல்லோரும் தாடியோடு துறவிகள் மாதிரி இருந்தார்கள். தொடரின் ஏழாவது ஆட்டம், கடைசி ஆட்டம் இன்றைக்கு. நடுத்தரையில் பெரிய வட்டக் கம்பளம், அதில் அணியின் சின்னம்: சிலிர்த்த முட்களோடு ஒரு முள்ளம்பன்றி. வலது கண் நமக்குத் தெரியாத பக்கம். தெரிகிற இடது கண் மூடியிருந்தது.

ரெஜான் கம்பளத்தின் ஓரமாகச் சுற்றிப் போனான். அது யோசித்துச் செய்ததல்ல. சின்னத்தை மிதிக்கக் கூடாது. பதினொரு வருஷத்தில் எத்தனையோ ஊர், எத்தனையோ அறை. எங்கேயும் அவன் மிதித்ததில்லை. யாரும் மிதித்ததில்லை. கால் தானாக வளையும்.

"என்ன டோரீன், முள்ளம்பன்றிக்கு லேசா தொப்பை போட்டிருக்கே? நீ போடற சாப்பாடா?"

யாரும் சிரிக்கவில்லை. ஐலி மட்டும் திரும்பி அவனை ஒரு வினாடி பார்த்தாள். அவன் ஜோக்குக்கு அவள் திரும்பிப் பார்ப்பதே அபூர்வம். அன்று அவன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான்.

டோரீன் தரையைக் காட்டினாள். கறுப்பு ரப்பரில் வெள்ளை வெள்ளையாக பூட்ஸ் தடம். ரோட்டு உப்பு காய்ந்து படிந்த தடம்.

"துடைக்கப் போனேன். அந்தப் புது முதலாளி துடைக்க விடலை. சாட்சியாம்."

"நல்லதாப் போச்சு" என்றாள் ஐலி. அவள் அறைக்குள் வந்தபிறகு பேசிய முதல் வார்த்தை.

அப்போதுதான் முதலாளி டெரிக் வான்ஸ் உள்ளே வந்தார். பனியே பார்க்காத தெற்குப் பக்கத்து ஊரிலிருந்து போன வருஷம் வந்து அணியை வாங்கியவர். கழற்றாத பளபளப்பு ஷூவோடு நேராக நடந்து, முள்ளம்பன்றியின் மூக்கின்மேல் நின்று, கை நீட்டினார். பெஞ்சுகளில் பத்துத் தாடிகள் ஒரே நேரத்தில் முனகின.

"மிஸ்டர் வான்ஸ்," என்றான் கேப்டன் டாரன் ஒலினிக், பல்லைக் கடித்துக்கொண்டு, "மூக்கு."

"என் மூக்கா?"

"அதோட மூக்கு."

வான்ஸ் குனிந்து பார்த்தார். நகரவில்லை. "இதைத்தான் நான் சொல்றேன். கம்பளத்துக்கு இவ்வளவு மரியாதை. ஆனா அதுல இருக்கிறது என்ன? தூங்கி வழியற ஒரு காட்டு எலி. அடுத்த வருஷம் ஓநாய் வருது. பல்லைக் காட்டற ஓநாய். இன்னைக்கு முள்ளம்பன்றிக்கு மரியாதையா வழியனுப்பு விழா. டொராண்டோவிலிருந்து ஒரு அம்மா, பழைய துணியெல்லாம் பாதுகாக்கிறவங்க, ஒரு மணிக்கு வந்து அந்த ஜெர்சியிலிருந்து சின்னத்தைத் தையல் பிரிச்சு எடுத்து, தனியா சட்டம் போட்டுத் தரதா ஏற்பாடு. காலையில ஒன்பது மணிக்கு இதே அறையில எல்லார்கிட்டயும் சொன்னேன். பதினொன்றரைக்கு பெட்டி காலி! பெட்டி உடையலை. சாவி போட்டுத் திறந்திருக்கு. சாவி எங்க தொங்குது? இந்தம்மா அறையில, ஆணியில. தடம் எங்க போகுது? பாருங்க. நேரா இந்தம்மா அறைக்கு!"

தடம் வாசலில் ஆரம்பித்து, கம்பளத்தைச் சுற்றிக்கொண்டு, எதிர்ப்பக்கம் டோரீன் ஸ்கேட் தீட்டும் சின்ன அறைக்குப் போய், அதே வழியாகத் திரும்பி வந்திருந்தது.

"அந்த ஆணி இந்த ஊருக்கே தெரியும்" என்றாள் டோரீன். "பிஷப்புக்குக்கூடத் தெரியும்."

"பிஷப் இங்க வேலை செய்யலை."

ஐலி தடத்தின் அருகில் குந்தி உட்கார்ந்தாள். வெகுநேரம் உட்கார்ந்தாள். அந்த நேரத்தில் ரெஜான் ஒரு முழு காபி குடித்து முடித்துவிட்டான் என்று சொல்வான். நாலாவது தடவை சொன்னபோது இரண்டு காபி.

*

கோச் வார்டு மெக்கெல்வியின் அறை பக்கத்திலேயே. சுவர் முழுக்க ஒரே ஆளின் படங்கள்: அவர் தாத்தா பட் மெக்கெல்வி, அணியை ஆரம்பித்தவர். எழுபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய மரம் வெட்டி. மிகப் பெரிய படத்தில் இடது கண்ணில் கறுப்புப் பட்டை.

அந்தக் கண்ணின் கதை ஆஷ்வெல்லில் தொட்டில் குழந்தைக்கும் தெரியும். முதல் வருஷத்து இறுதி ஆட்டம். பட் மெக்கெல்வியின் இடது கண்ணில் பக், அதாவது ஆட்டத்து ரப்பர் வட்டு, வந்து அடித்தது. கண்ணை மூடிக்கொண்டே ஆடி வெற்றி கோலைப் போட்டார். அந்த வீரத்தின் நினைவாகத்தான் முள்ளம்பன்றிக்கு இடது கண் மூடியிருக்கிறது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் கோச் இதைச் சொல்வார். குரல் தழுதழுக்கும். பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஐஸுக்குள் பாய்வார்கள்.

"நீங்க காலையில எங்க இருந்தீங்க, கோச்?" என்றாள் ஐலி.

"பயிற்சி. பத்தரையிலேருந்து பதினொன்னேகால் வரைக்கும் எல்லாரும் ஐஸ் மேல."

"எல்லாரும்?"

"நடுவுல அஞ்சு நிமிஷம் வண்டியை ஸ்டார்ட் பண்ணி வெக்கப் போனேன். இந்தக் குளிர்ல இன்ஜின் செத்துடும். உங்க வண்டியும் செத்துடும், போய்ப் பாருங்க."

ரெஜான் படத்தைக் காட்டினான். "கோச், நம்ம ஐலி கர்லிங்காரி. அந்தக் கண்ணு கதையைச் சரியாக் கேட்டதில்லை. ஒரு தடவை சொல்லுங்களேன்."

மெக்கெல்வி ஸ்கேட் நாடாவை முடிந்துகொண்டே நிமிராமல் சொன்னார். "இன்னைக்கு நேரமில்லை. வேற யாரையாவது கேட்டுக்கங்க."

ஐலி தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள்.

*

அரங்கத்தின் முன்கூடத்தில், டிக்கெட் ஜன்னலுக்கு எதிரே, ஐலி பட்டர் டார்ட் என்ற சின்ன இனிப்புப் பலகாரம் ஒன்று வாங்கி, அதன் பாகு ஒழுகாமல் மிக மெதுவாகச் சாப்பிட்டாள். கண்ணாடிக்கு வெளியே வாகனங்கள் சேர ஆரம்பித்திருந்தன. மணி நாலேகால்.

ரெஜானால் பொறுக்க முடியவில்லை. "முதலாளிதான், ஐலி. ஓநாய் வேணும். பழைய ஜெர்சி இருந்தா ஊரு விடாது. அவரே எடுத்து ஒளிச்சுட்டு டோரீன் தலையில போட்டுட்டாரு."

"அவர் எடுக்கலை."

"எப்படித் தெரியும்?"

"மூக்கு."

ரெஜான் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். ஐலி விரல் நுனியைத் துடைத்துக்கொண்டு, அபூர்வமாக, தொடர்ந்து நாலைந்து வாக்கியங்கள் பேசினாள்.

"அவர் நடந்தா நேரா நடப்பாரு. சின்னம் அவருக்குத் தரை. அந்த பூட்ஸ் தடம் அவரோடதா இருந்தா கம்பளத்துக்கு நடுவுலயும் உப்பு இருக்கும். அந்தத் தடம் வளைஞ்சு போகுது. கையில திருட்டுப் பொருளை வெச்சுக்கிட்டு, யாராவது வந்துடுவாங்களோன்னு பயந்துக்கிட்டு ஓடற ஆளு, குறுக்கே அஞ்சு எட்டு வெச்சா போதும்கிற இடத்துல, பாதி வட்டம் சுத்திப் போயிருக்கான்."

"சரி, அப்ப ஹாக்கிக்காரன். அப்ப டோரீனும் ஹாக்கிக்காரிதானே?"

"தினம் காலையில அந்தக் கம்பளத்தைப் பெருக்கறது யாரு?"

ரெஜானுக்குத் தெரியும். டோரீன்தான். காலுறையோடு நடுவில் மண்டியிட்டு, முள் முள்ளாகப் பிரஷ் போடுவாள். ஊரிலேயே அந்தக் கம்பளத்தின்மேல் ஏற உரிமை உள்ள ஒரே ஆள். அவள் சுற்றிப் போகவும் மாட்டாள், பூட்ஸோடு உள்ளே வரவும் மாட்டாள். சொந்தத் தரையில் உப்பைப் போடுவதற்கு பதில் அவள் ஜெயிலுக்குப் போவாள்.

"அப்ப ஆட்டக்காரங்க..."

"எல்லாரும் ஐஸ் மேல, ஸ்கேட் போட்டுக்கிட்டு. ஒருத்தர் மட்டும் ஸ்கேட்டைக் கழட்டி பூட்ஸ் மாட்டிக்கிட்டு வெளியில போய், வண்டியை ஸ்டார்ட் பண்ணிட்டு உள்ள வந்திருக்காரு."

"கோச்சா? ஐலி, அந்தாளுக்கு முள்ளம்பன்றின்னா உயிரு! அந்த ஜெர்சி அவங்க தாத்தா போட்டது! அந்தக் கதையை அந்தாளு வண்டி நிறுத்தற இடத்துல நாய்க்கிட்டகூடச் சொல்லியிருக்காரு. நான் கண்ணால பார்த்தேன். நாயும் கேட்டுச்சு. அப்படிப்பட்டவரு..."

அவன் பாதியில் நின்றுவிட்டான். ஐலி அவனுக்காகக் காத்திருந்தாள்.

"...இன்னைக்கு நேரமில்லைன்னுட்டாரு" என்று மெல்ல முடித்தான் ரெஜான். "நாய்க்கு நேரம் இருந்துச்சு. நமக்கு இல்லை."

"ஜெர்சியைத் தொலைச்சா அந்தக் கதையை இன்னும் சத்தமாச் சொல்லுவாரு. சொல்லலை. அப்ப அவருக்கு பயம் ஜெர்சி மேல இல்லை. கதை மேல. அந்த டொராண்டோ அம்மா தையலைப் பிரிக்கப் போறாங்கன்னு தெரிஞ்ச ரெண்டு மணி நேரத்துல ஜெர்சி காணாமப் போகுது. தையலுக்குப் பின்னால என்ன இருக்குன்னு பார்க்கணும்."

"எங்க போய்ப் பார்க்கறது? போலீஸ்காரங்க ரெண்டு பேரு நாம வர்றதுக்கு முன்னாடியே வந்து அந்த அறையைத் தலைகீழாக் கவுத்துட்டாங்களே. ஷவருக்குள்ள, குப்பைக்குள்ள, கோல்கீப்பரோட கால் கவசத்துக்குள்ள. அதுல கை விடறதுக்குத் தனி தைரியம் வேணும், ஐலி. கோச்சோட வண்டியையும் பார்த்தாச்சு."

"அந்தப் போலீஸ்காரங்க எந்த ஊரு?"

"ஆஷ்வெல்தான். ரெண்டு பேரும் சின்ன வயசுல இங்கதான் ஆடுனாங்க. ஏன்?"

ஐலி எழுந்து நடந்தாள். பூட்ஸைக் கழற்றும்போது மட்டும் கேட்டாள்: "அந்தத் தொப்பை ஜோக்கு. அது ஜோக்கா, இல்லை பார்த்துச் சொன்னியா?"

"என்ன தொப்பை?" என்றான் ரெஜான்.

*

நாலரை மணி. அறையில் அணி முழுவதும் இருந்தது. டோரீன் தன் கதவருகில் ஒரு முக்காலியில், யாரையும் பார்க்காமல், யாருடைய காலுறையையோ தைத்துக்கொண்டிருந்தாள். வான்ஸ் கடிகாரத்தைப் பார்த்தபடி சுவரில் சாய்ந்திருந்தார். மெக்கெல்வி பலகையில் கோடு போட்டு ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார்.

ஐலி வாசலில் ஒரு கணம் நின்றாள். பிறகு காலுறைக் காலோடு நேராக நடந்து கம்பளத்தின்மேல் ஏறினாள்.

"ஹேய்!" என்றான் கேப்டன் ஒலினிக்.

வால். முதுகு. முள்.

"லேடி! கீழ இறங்குங்க!"

"இன்னைக்கு ஏழாவது ஆட்டம்! தரித்திரம் பிடிக்கும்!"

கோல்கீப்பர் கண்ணைப் பொத்திக்கொண்டான். ரெஜானும் தன்னை அறியாமல் "ஐலி, வேண்டாம்" என்றான். அவள் வயிற்றின் மேல் வந்து நின்றாள். நின்று, உறைந்த ஏரியின் உறுதியைச் சோதிப்பவள் மாதிரி, பாதத்தை மெல்ல அழுத்திப் பார்த்தாள். இடது கால். வலது கால்.

"மெத்து மெத்துன்னு இருக்கு" என்றாள்.

பலகையில் கோச்சின் பேனா நின்றுவிட்டது.

"இதுவரைக்கும் இந்த அறையைத் தேடின எல்லாரும் இந்த வட்டத்தைச் சுத்தித்தான் தேடியிருக்கீங்க. போலீஸ்கூட. வெளியிலேயே மண்டியிட்டு ஓரத்தைத் தூக்கி, கையை நீட்டி உள்ள தள்ளினா போதும். அப்படி மண்டியிட்டவரோட பூட்ஸ் நுனி ரெண்டு, குதி இல்லாம, அதோ அங்க உப்பில இருக்கு. அப்புறம் டோரீன் அறைக்குப் போய், முன்னாடியே எடுத்து வெச்சிருந்த சாவியைத் திரும்ப ஆணியில மாட்டியிருக்காரு. உலகத்துலயே பத்திரமான இடம். எழுபத்தஞ்சு வருஷம் ஆனாலும் இந்த ஊர்ல ஒருத்தனும் கால் வைக்க மாட்டான்." அவள் கம்பளத்தை விட்டு இறங்கினாள். "டோரீன், உங்க கம்பளம். நீங்களே தூக்குங்க."

டோரீன் எழுந்து வந்து ஓரத்தைத் தூக்கினாள். கையைத் தோள்வரை விட்டாள். பச்சைக் கம்பளியில் ஒரு பழைய ஜெர்சி, தட்டையாக, ஒரு சுருக்கமும் இல்லாமல் விரித்து வைத்தது, வெளியே வந்தது.

அவள் ஜெர்சியைப் பார்க்கவில்லை. பலகையருகே நின்றவரைப் பார்த்தாள். இவ்வளவு நேர்த்தியாக மடிப்பில்லாமல் விரிக்க இந்த அறையில் யாருக்குக் கற்றுக்கொடுத்தாள் என்பது அவளுக்குத் தெரியும்.

"வார்டு" என்றாள்.

மெக்கெல்வி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"மேட்ச் முடிஞ்சதும் திரும்ப வெச்சிருப்பேன். சத்தியமா. அந்தாளு உன் மேல பழி போடுவாருன்னு நான்..."

"போட்டாரு. பன்னிரண்டு மணிக்குப் போட்டாரு. அப்போலேருந்து நாலரை மணி நேரம். ஒரு தடவையாவது என் மூஞ்சியைப் பார்த்தியா நீ?"

அந்த அறையில் இருபத்து நாலு பேர் இருந்தார்கள். குழாய் சொட்டுவது கேட்டது. ஐலியோடு எத்தனையோ மௌனம் பார்த்த ரெஜான், இதுதான் எல்லாவற்றிலும் கனமானது என்பான். இதைச் சொல்லும்போது மட்டும் அவன் எண்ணிக்கை எதையும் கூட்டுவதில்லை.

டோரீன் கழுத்துப் பட்டையிலிருந்து ஒரு சின்னக் கத்திரியை எடுத்தாள். "தையலுக்குப் பின்னால என்ன?"

"படிச்சுக்கோ" என்றார் மெக்கெல்வி. "பத்து வயசுல நான் பார்த்துட்டேன். ஒரு ஓரம் பிரிஞ்சிருந்துச்சு. நானே திரும்பத் தெச்சேன்."

டோரீன் முகத்தைச் சுளித்தாள். "அந்தக் கோணல் தையல் உன்னோடதா? இருபத்திரண்டு வருஷமா எந்தக் கழுதை தெச்சதுன்னு யோசிச்சிட்டிருந்தேன்."

நாலு தையலைப் பிரித்தாள். சின்னத்துக்குப் பின்னால் வெள்ளைத் துணித் துண்டு. மை மங்கிய எழுத்து. கண்ணாடி இல்லாததால் கேப்டனிடம் நீட்டினாள். ஒலினிக் தாடியைச் சொறிந்துகொண்டு உரக்கப் படித்தான்:

"இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள் இந்த முள்ளம்பன்றி கொட்டகைக்குள்ள புகுந்து எங்க மட்டை பன்னிரண்டையும் தின்னுடுச்சு. ஊர்ல வேற மட்டை இல்லை. கர்லிங் கிளப்புல துடைப்பம் பன்னிரண்டு கடன் வாங்கி ஆடினோம். பதினொண்ணு பூஜ்யம், தோல்வி. இந்த வருஷம் எங்களை முழுசா ஜெயிச்சது இது ஒண்ணுதான். அதனால ஜெர்சியில இதுவே இருக்கட்டும். கண்ணு மூடியிருக்கறது தூக்கம். காலையில கதவைத் திறந்தப்ப அப்படித்தான் படுத்திருந்துச்சு, வயிறு நிறைஞ்சு. இப்படிக்கு, பட் மெக்கெல்வி." ஒலினிக் துணியைத் திருப்பினான். "கீழ இன்னொரு வரி இருக்கு. 'இரண்டு கண்ணும் நலம்.'"

ஒலினிக் அந்த வரியை இன்னொரு தடவை தனக்குள் படித்துப் பார்த்தான்.

"அப்ப அந்தப் பட்டை?" என்றான் ரெஜான், சுவருக்கு அப்பால் இருந்த படத்தைக் காட்டி.

"கண்புரை" என்றார் மெக்கெல்வி தரையைப் பார்த்து. "அறுபத்தெட்டு வயசுல ஆபரேஷன். பட்டை கட்டினாரு. யாரோ படம் எடுத்தாங்க. ஊரு கதை கட்டுச்சு. அவரு மறுக்கலை, சிரிச்சுக்கிட்டே இருந்தாரு. எங்கப்பா அதை நம்பினாரு. நான்... நான் நம்பலை. ஆனா சொன்னேன். ஆயிரம் தடவை சொன்னேன். ஏழாவது ஆட்டத்தன்னைக்கு எந்த மூஞ்சியோட இவங்ககிட்ட போய், உங்க சின்னம் துடைப்பத்தோட தோத்த கூட்டத்தோட சின்னம்னு சொல்லுவேன்?"

கோல்கீப்பர் முதலில் கேட்டான். உண்மையான அக்கறையோடு கேட்டான். "மட்டையை எதுக்கு தின்னுச்சு?"

"வேர்வை" என்றாள் ஐலி. "கைப்பிடியில ஊறின உப்பு. முள்ளம்பன்றிக்கு உப்புன்னா உயிரு. கோடாலிப் பிடியைக்கூட விடாது."

கோல்கீப்பர் தன் மட்டையைப் பார்த்தான். முகர்ந்தான். மெல்லத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்துக்கொண்டான்.

ஒலினிக்தான் முதலில் வெடித்துச் சிரித்தான். பிறகு பெஞ்சு பெஞ்சாகப் பரவியது. தாடிகள் குலுங்கின. ஒருவன் தரையில் உருண்டான், கம்பளத்தை மட்டும் கவனமாகத் தவிர்த்து. "பதினொண்ணு பூஜ்யம்!" "துடைப்பத்துல!" "பத்தாவது கோல் விழுந்தப்ப அப்படியே தரையைப் பெருக்கிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்ல!" வான்ஸ்கூடச் சுவரை விட்டு நகர்ந்து வந்து, கம்பளத்தருகே நின்று, முதல் தடவையாகக் குனிந்து அந்தத் தூங்கும் முகத்தைப் பார்த்தார். ஷூ நுனி சின்னத்துக்கு ஒரு விரல்கடை முன்னாலேயே நின்றது.

டோரீன் சிரிக்கவில்லை.

"எனக்கு ஒண்ணு வேணும், வார்டு. இந்த அறையில சொன்னது போதாது. என்னைத் திருடின்னு சொன்னது இந்நேரம் ரொட்டிக் கடை வரைக்கும் போயிருக்கும். ஏழு மணிக்கு நடு ஐஸ்ல மைக் இருக்கும்ல? வழியனுப்பு விழாவுக்கு? அதுல சொல்லு. யாரு எடுத்தது, ஏன் எடுத்தது, எல்லாம்."

"ஊரே இருக்கும், டோரீன்."

"அதுக்குத்தான்."

மெக்கெல்வி நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பன்னிரண்டு மணியிலிருந்து அதுதான் முதல் தடவை.

"சரி" என்றார்.

டோரீன் முக்காலிக்குத் திரும்பி, தைத்து முடித்த காலுறையை ரெஜான்மேல் வீசினாள். அது ரெஜானுடையதுதான். எப்போது தன் காலிலிருந்து போனது என்று அவனுக்குத் தெரியவே இல்லை. அதைக் கண்டுபிடிக்க அவன் ஐலியிடம் எத்தனையோ தடவை கெஞ்சியிருக்கிறான். அவள் அந்த வழக்கை ஏற்கவில்லை.

*

மெக்கெல்வி சொன்னார். நாலாயிரம் பேருக்கு முன்னால், குரல் தழுதழுக்காமல், முதல் தடவையாக. முடித்ததும் அரங்கம் ஒரு நிமிஷம் எழுந்து நின்றது. பாதிக் கைதட்டல் டோரீனுக்கு; அவள் ஐஸ் ஓரத்தில் நின்று மட்டைக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. வான்ஸ் அதே மைக்கில் அவளிடம் மன்னிப்புக் கேட்டார். சுருக்கமாகத்தான், ஆனால் கேட்டார்.

அன்றைய ஆட்டத்தில் ஆஷ்வெல் நாலு-மூன்று என்று தோற்றது. ஐலி சின்னத்தை மிதித்ததால்தான் என்று கோல்கீப்பர் இன்றும் சொல்கிறான். ஓநாய் வரவில்லை. அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு ஜனங்கள் ஆளுக்கொரு துடைப்பத்தோடு வந்தார்கள், இப்போதும் வருகிறார்கள். வான்ஸ் இரண்டு வருஷம் கழித்து அணியை உள்ளூர்க்காரர்களிடம் விட்டுவிட்டுத் தெற்கே போனார். போகும்போது கம்பளத்தைச் சுற்றித்தான் போனார். மெக்கெல்வி இன்னும் மூன்று வருஷம் கோச்சாக இருந்து ஓய்வு பெற்றார். தாத்தாவின் பட்டை போட்ட படம் அதே சுவரில் இருக்கிறது, கீழே ஒரு வரி சேர்த்து: இரண்டு கண்ணும் நலம். ஒலினிக் ஊரில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறான். டோரீன் அதே அறையில்தான் வேலை செய்கிறாள். சாவியை மட்டும் ஆணியிலிருந்து எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். கோச்சின் கோணல் தையலை அவள் பிரித்துத் தைக்கவில்லை.

கர்லிங் கிளப்பிலிருந்து அணி நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் போயிற்று, எழுபத்தைந்து வருஷத்துக்கு முன் கடன் கொடுத்த பன்னிரண்டு துடைப்பங்களைத் திருப்பித் தரும்படி. எழுதியது ஐலிதான் என்கிறான் ரெஜான். நான் அவளிடமே கேட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.